வெள்ளைக் கமா

எனக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம். பள்ளிக்கூடத்தில் பிரேயர் பாடும்போது வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று சொல்லி என்னைக் கடைசி வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவள் மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தின் மாடியில் இருபது வருஷமாக டிடிபி கடை நடத்துகிறேன். கீழே ஒரு வீணை வகுப்பு, எதிர்வீட்டில் ஒரு வாய்ப்பாட்டு வகுப்பு. சாயங்காலமானால் இரண்டு பக்கத்திலிருந்தும் சரளி வரிசை வந்து மோதும். நான் பாட்டுக்கு ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகையில் சம்பந்தி பெயரைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன்.

பத்திரிகை, டியூஷன் சென்டர் கேள்வித்தாள், வக்கீல் நோட்டீஸ், பத்தாம் நாள் காரியக் கார்டு, எது வந்தாலும் பக்கத்துக்குள் அடக்கிவிடுவேன். என்னால் அடக்க முடியாத எழுத்து இல்லை என்ற திமிர் எனக்கு உண்டு. அந்தத் திமிரோடுதான் டீச்சரின் புத்தகத்தை ஒப்புக்கொண்டேன்.

டீச்சர் மந்தைவெளிக்காரர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அடையாறில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினோரு பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பதினோரு பேருமே ஐம்பதைத் தாண்டியவர்கள். அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்ட பன்னிரண்டு பாட்டுகள் இருந்தன. சித்திரையில் தொடங்கிப் பங்குனி வரைக்கும் மாதத்துக்கு ஒன்று. அவற்றை ஸ்வரத்தோடு புத்தகமாகப் போட வேண்டும் என்று இரண்டு நோட்டுப் புத்தகங்களோடு மாடியேறி வந்தார்.

வந்த அன்றைக்கே காரணத்தையும் சொல்லிவிட்டார். தொண்டையில், குரல் நாணில் ஒரு சின்னக் கட்டி. ஆபரேஷன் செய்தாக வேண்டும். செய்தபின் ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அதற்குப் பிறகு பழைய குரல் வருமா என்று கேட்டால் டாக்டர் சீலிங்கைப் பார்க்கிறாராம்.

"ஆறு பாட்டு அவாளுக்குச் சொல்லிக்கொடுத்தாச்சு. பாக்கி ஆறும் என் தொண்டைலதான் இருக்கு," என்றார். "நான் பாடிக் காட்டாம, பேப்பரைப் பார்த்து ஒருத்தி பாடினா அது என் பாட்டா வரணும். அவ்ளோதான் எனக்கு வேணும். பண்ணித் தரேளா?"

"நான் டைப் அடிக்கிறவ, டீச்சர். மந்திரவாதி இல்ல," என்றேன்.

"மந்திரவாதிகிட்ட போயிருந்தா இந்த மாடிப்படி ஏறியிருக்க வேண்டாமே," என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே. அந்தப் பதில் எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஸ்வரம் எழுதுவது பார்க்க எளிது. மேல் வரியில் ஸ ரி க ம, கீழ் வரியில் பாட்டின் வார்த்தை. எந்த ஸ்வரத்துக்கு எந்த எழுத்தோ அது அதற்கு நேர் கீழே உட்கார வேண்டும். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. அதற்கும் மேல் இழுக்க வேண்டுமென்றால் ஒரு கமா போட வேண்டும். ஒரு கமாவுக்கு ஒரு மாத்திரை. பாடுகிறவர்கள் அதைக் கார்வை என்பார்கள். டீச்சரின் பாட்டுகள் எல்லாமே ஆதி தாளம். ஒரு வரி என்றால் கூட்டிப் பார்த்தால் முப்பத்திரண்டு மாத்திரை வர வேண்டும். வந்தால் சரி, வராவிட்டால் தப்பு. இந்தக் கணக்கு எனக்குப் பிடித்தது. இதற்குக் காது தேவையில்லை.

ஆனால் எழுத்துரு படுத்திய பாடு கொஞ்சமில்லை. ஸ்வரத்துக்கென்றே யாரோ செய்த எழுத்துரு ஒன்று என்னிடம் இருந்தது. செய்தவர் மேல் வரியை மட்டும் நினைத்துச் செய்திருக்கிறார், கீழே வார்த்தை வரும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. மேலே ஒல்லியாக ஒரு 'ப' நிற்கும், கீழே 'கொண்' என்று குண்டாக ஒன்று வந்து உட்காரும். அடுத்த ஸ்வரம் தன் எழுத்தைவிட்டு நாலு எழுத்து தள்ளிப் போய்விடும். மேல் ஸ்தாயிக்கு ரி-யின் தலையில் புள்ளி வைத்தால் அது சுழியில் போய் இடிக்கும். சரி, இடைவெளி விட்டு நகர்த்தலாம் என்று ஸ்பேஸ் பாரைத் தட்டினால், வரியின் ஓரத்தைச் சீர்செய்யும்போது அந்த இடைவெளி தன் இஷ்டத்துக்கு நீண்டுகொள்ளும், சுருங்கிக்கொள்ளும். காலையில் நேராக இருந்த வரி மத்தியானம் கோணலாக இருக்கும். இரண்டு முறை மௌஸைத் தூக்கி அடித்திருக்கிறேன்.

டீச்சர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் என் காதருகே பாடிப் பாடிச் சரிபார்ப்பார். வக்கீல் நோட்டீஸுக்குக் காத்திருக்கும் குமாஸ்தா சித்திரைப் பாட்டைக் கேட்டுவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போவார். "நீங்க பாடாதீங்க, டாக்டர் திட்டுவார்," என்று நான் கத்துவேன். "நீங்க கத்தாதேங்கோ, உங்களுக்கும் கட்டி வரும்," என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஆபரேஷனையும் தள்ளிப்போட்டுக்கொண்டு இப்படியே எட்டு மாதம். வீட்டுக்காரரிடம்கூட நான் அவ்வளவு சண்டை போட்டதில்லை.

டீச்சரின் நோட்டுப் புத்தகத்தில் இன்னொரு தொல்லை. அதில் கமாவே கிடையாது. இழுக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் இடம் விட்டு எழுதுவார், அவ்வளவுதான். கொஞ்சமாக விட்டால் கொஞ்சமாக இழுக்க வேண்டும், நிறைய விட்டால் நிறைய. "எனக்குத் தெரியுமே," என்பார் கேட்டால். அவருடைய கையெழுத்தில் காலி இடம் என்றால் நேரம். என் பக்கத்தில் காலி இடம் என்றால் குண்டெழுத்துக்கு ஒதுங்கிக் கொடுத்த வெறும் இடம். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இடைவெளிதானே நீள்கிறது, சுருங்குகிறது, எழுத்து அப்படிச் செய்யாதே என்று ஒருநாள் தோன்றியது. இடம் அடைக்க வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு கமாவைப் போட்டு அதற்கு வெள்ளை நிறம் கொடுத்தேன். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கமா. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அசையாமல் நிற்கும். மேல் வரியும் கீழ் வரியும் சிப்பாய்கள் மாதிரி நேராக நின்றன. கடையில் தனியாக உட்கார்ந்து என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். டீச்சரிடம் விவரம் சொல்லவில்லை. தொழில் ரகசியம் என்று ஒரு கெத்து.

ஏழாவதான ஐப்பசிப் பாட்டைத்தான் கடைசியாக அடித்தோம். ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முந்தின நாள். மழையைப் பற்றிய பாட்டு. 'கொண்டலே கொஞ்சம் நின்று போ' என்று ஆரம்பம். அதற்குள் டீச்சரின் குரல் கரகரத்து, பாதி காற்றாகத்தான் வந்தது. ஒரே ஒரு முறை மெதுவாகப் பாடினார். என் ஞாபகமெல்லாம் அவர் தொண்டையைப் பிடித்துக்கொள்வதிலேயே இருந்தது. அவசர அவசரமாக அடித்து பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்துப் படித்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். படியிறங்கும் முன் திரும்பி, "இதை இனிமே நீங்கதான் பாத்துக்கணும்," என்றார்.

ஃபைலை சிந்தாதிரிப்பேட்டை அச்சகத்துக்கு அனுப்பினேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. நவராத்திரி வந்துவிட்டது. அந்தப் பெண்கள் அவர்கள் குடியிருப்புக் கொலுவில், டீச்சர் முன்னால் உட்கார்ந்திருக்க, அவரிடம் கற்றுக்கொள்ளாத பாட்டு ஒன்றைப் புத்தகத்தைப் பார்த்தே கற்றுப் பாடிவிடுவது என்று தீர்மானித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஐப்பசிப் பாட்டு. அச்சகத்திலிருந்து நாற்பது பிரதிகள் நேராக அடையாறுக்கே போயின.

கொலுவில் பாடுவதற்கு முந்தின நாள் காலையில், ஒத்திகை கேட்கலாம் என்று நானும் போனேன். டீச்சர் வீட்டில் ஓய்வில் இருந்தார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து புத்தகத்தைப் பிரித்துவைத்துப் பாடினார்கள்.

"கொண்... டலே... கொஞ்... சம்..."

எனக்குப் பாட்டு தெரியாது. ஆனால் அந்த நிறுத்தங்கள் தெரியும். ஒவ்வொன்றும் நான் என் கையால் வைத்தது. குண்டெழுத்து வந்த இடத்திலெல்லாம் பாட்டு நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போயிற்று. எட்டிப் புத்தகத்தைப் பார்த்தேன். மேல் வரி முழுக்கக் கருகருவென்று கமா.

கணக்கு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள், "எனக்கு இந்த வரியில முப்பத்தஞ்சு வருது. எண்ணிப் பாருங்களேன். தாளம் இடிக்குது," என்றார்.

"டீச்சர் வேணும்னுதான் போட்டிருப்பாங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர். "மேகத்தை நில்லுன்னு சொல்ற பாட்டு இல்லையா? அதான் நின்னு நின்னு போகுது. எவ்வளவு அழகா யோசிச்சிருக்காங்க பாரு."

பத்துப் பேரும் ஆமாம் ஆமாம் என்று நெகிழ்ந்துபோனார்கள். டீச்சர் மேல் அவ்வளவு பக்தி. அந்த இடத்தில் எழுந்து நின்று, அது மேகமும் இல்லை மழையும் இல்லை, நான் செய்த கோளாறு என்று சொல்லியிருக்க வேண்டும். கண் திருஷ்டி, கால்வலி என்று ஏதோ உளறிவிட்டு மாடிப்படிக்கு வந்து அச்சகத்துக்குப் போன் போட்டேன்.

"இன்னாக்கா, புக்கு வந்துட்ச்சா? சூப்பரா வந்துகீதுல்ல?" என்றார் அச்சகக்காரர்.

"கமா எல்லாம் எப்படிய்யா கறுப்பா வந்திச்சு?"

"அதுவா? உன் ஃபைல்ல கலர் கீதுன்னு சிஸ்டம் காட்டுச்சு. ஒன் கலர் வேலைக்கு கலர் இன்னாத்துக்குன்னு அல்லாத்தையும் பிளாக் பண்ணிட்டேன்."

"உன்னை யாருய்யா பண்ணச் சொன்னது?"

"நீதான்க்கா ஒயிட்டுல அடிச்சு வச்சுகிற. ஒயிட்டுல எவனாச்சும் டைப் அடிப்பானா?"

மறுபடி அச்சடித்துத் தரச் சொல்லிக் கெஞ்சினேன். ஆயுத பூஜைக்கு மிஷினைக் கழற்றிப்போட்டுக் கழுவிக்கொண்டிருப்பதாகவும், பொட்டு வைத்து மாலை போட்டு எடுத்த பிறகுதான் அது மறுபடி ஓடும் என்றும் சொல்லிவிட்டார். அவரைத் திட்டிவிட்டுப் போனை வைத்தேன். அவர் மேல் தப்பு இல்லை என்று தெரிந்துதான் திட்டினேன்.

நாற்பது புத்தகங்களையும், பைண்டிங் சரியில்லை என்று ஒரு பொய் சொல்லி, இரண்டு கட்டைப்பையில் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் கடைக்கு வந்தேன். சரிசெய்யும் வழி சுலபம்தான். ஃபைலில் வெள்ளையாக இருப்பதையெல்லாம் சிவப்பாக மாற்றி ஒரு பிரிண்ட் எடுத்தால், எதெல்லாம் பொய்க் கமா என்று தெரிந்துவிடும். புத்தகத்தில் அவற்றை வெள்ளை மை பேனாவால் அழித்துவிடலாம். அப்படியே எடுத்து, சிவப்பை விட்டுவிட்டு வரி வரியாக எண்ணினேன். பதினோரு பாட்டுக்கும் முப்பத்திரண்டு முப்பத்திரண்டாக வந்தது. ஐப்பசியின் முதல் வரிக்கு மட்டும் முப்பதுதான் வந்தது.

மறுபடி எண்ணினேன். முப்பதுதான். அப்புறம்தான் புரிந்தது. அன்றைக்கு அவசரத்தில், உண்மையான கமா போட வேண்டிய இரண்டு இடங்களில், பக்கத்திலிருந்த வெள்ளைக் கமாவையே நகலெடுத்து ஒட்டியிருக்கிறேன். தாளில் அந்த இடம் காலியாகத் தெரிந்திருக்கிறது. டீச்சருக்குக் காலி இடம் என்றால் கார்வைதானே. சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த வரியில் சிவப்புக் கமா ஐந்து. மூன்று பொய், இரண்டு நிஜம். எந்த இரண்டு என்று எனக்குத் தெரியாது. நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இடைவெளி.

மத்தியானம் இரண்டு மணிக்குக் கட்டைப்பைகளையும் அந்தப் பிரிண்டையும் தூக்கிக்கொண்டு போய் மந்தைவெளி வீட்டின் மணியை அடித்தேன். டீச்சர் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிலேட்டில் 'யாருக்கு என்ன?' என்று எழுதினார். பேச முடியாத ஆறு வாரத்துக்கென்று ஒரு சிலேட்டும் சாக்பீஸும் வாங்கி வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளைக் கமா, என் கெத்து, என் அவசரம், கட்டைப்பை, பொய் எல்லாம். சொல்லும்போது எனக்குக் கோபமாக வந்தது, அழுகையாக வந்தது. நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று, அதை நான் கெடுத்துவிட்டேன் என்றேன். அவர் சிவப்புக் கமா போட்ட தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அந்த வரியையே பார்த்தார். ஒரு கமாவின் மேல் விரலை வைத்தார். எடுத்தார். இன்னொன்றின் மேல் வைத்தார். தலையை ஆட்டிக்கொண்டார். திரும்ப முதலில் இருந்து ஆரம்பித்தார்.

கடைசியில் சிலேட்டை எடுத்தார். 'வாயைத் திறந்து பாடினாத்தான் எனக்கே தெரியும்.'

பாட்டு போட்ட ஆளுக்கே பாட்டு அகப்படவில்லை. அந்தப் பயத்தை அவர் முகத்தில் பார்த்தபோது, இந்தப் புத்தகத்தை எதற்கு அவ்வளவு பிடிவாதமாகப் போடச் சொன்னார் என்று எனக்கு முழுசாகப் புரிந்தது.

அடையாறுப் பெண் ஒருத்தியைக் கூப்பிடலாம் என்று ஜாடை காட்டினார். மாட்டேன் என்றேன். அவர்களுக்கு முன்னால் தலைகுனிய எனக்கு மனசில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, போனை எடுத்துச் சுருதிப் பெட்டி ஆப்பைப் போட்டு என் முன்னால் வைத்தார். பிறகு என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

"நானா? டீச்சர், உங்களுக்குத் தொண்டையிலதானே ஆபரேஷன் பண்ணினாங்க, மூளையில இல்லையே?"

கை நீட்டினது நீட்டினபடியே இருந்தது.

ஐப்பசிப் பாட்டு மோகனம். சித்திரைப் பாட்டும் மோகனம்தான். சித்திரையை அவர் என் காதருகே நூறு முறையாவது பாடியிருக்கிறார். அந்த ராகத்தில் ஸ்வரம் ஐந்தே ஐந்து. எது எங்கே இருக்கும் என்று என் தொண்டைக்குக் குத்துமதிப்பாகத் தெரிந்திருந்தது. மறுநாள் கொலுவில் அந்தப் பெண்கள் நன்றாகவே பாடினார்கள். டீச்சருக்கும் பிற்பாடு குரல் வந்தது, சுருதி அரைக் கட்டை இறங்கி வந்தது. ஆனால் எனக்கு நவராத்திரி என்றால் அந்த மத்தியானம்தான். ஐம்பத்து நாலு வயதில், கதவைச் சாத்திய வீட்டுக்குள், நான் வாயைத் திறந்து பாடினேன்.

முதல் முறை குரலே வரவில்லை. இரண்டாம் முறை கதவு கிரீச்சிட்டது போல வந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. தொடையில் தாளம் போட்டபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நில் என்று சொல்லும் பாட்டாயிற்றே என்று இரண்டு கமாவையும் 'நின்று'வில் வைத்துப் பாடினேன். தலையை ஆட்டினார், இல்லை. இரண்டையும் 'கொண்டலே'வில் வைத்தேன். அவர் கை தடுக்கி நின்றது. ஒன்றைப் பிரித்துக் 'கொஞ்ச'த்தில் வைத்தேன். கொண்டலே என்று கூப்பிட்டு ஒரு கணம், கொஞ்சம் என்று கேட்டு ஒரு கணம், அப்புறம் எங்கும் நிற்காமல் நின்று போ என்று முடிந்தது. முப்பத்திரண்டு.

டீச்சரின் கை அடுத்த சுற்றுக்குத் தானாகப் போய்விட்டது. நிறுத்தச் சொல்லவில்லை. நான் மறுபடி பாடினேன். கண்ணை மூடிக்கொண்டார். மூன்றாவது சுற்றில் அவர் உதடு, சத்தமே இல்லாமல், என்னோடு கூட அசைந்தது. நான் பள்ளிக்கூடத்தில் அசைத்தது போலவே.

பாடி முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். டீச்சர் சிலேட்டை இழுத்து ஒரே வார்த்தை எழுதி என் பக்கம் திருப்பினார்.

'வந்துடுத்து.'

அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டு கீழே இன்னொரு வரி எழுதினார்.

'சுருதிதான் வரலை.'

"அது உங்க புத்தகத்துல போடல, டீச்சர்," என்றேன்.

அவர் தோள் குலுங்கக் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். நான் கட்டைப்பையிலிருந்து முதல் புத்தகத்தை எடுத்து, வெள்ளை மை பேனாவின் மூடியைத் திறந்தேன்.